பழைய கூடும் புதுப் பூச்சும்

பினாங்குத் தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயில் அடிவாரத்தில் புதுக் காருக்குப் பூசை போடுவதைச் சிறுவயதிலிருந்து பார்த்து வருகிறேன். நான்கு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம், பானெட்டில் சந்தனப் பொட்டு, முன்கண்ணாடிக்குக் கீழே மல்லிகைச் சரம். தீபம் காட்டியதும் வண்டி ஒரு முழம் முன்னே நகரும், பழம் நசுங்கும். 1987இல் அப்பா வாங்கிய புரோட்டோன் சாகா அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது. 2002இல் அண்ணன் டாக்சி ஓட்டுவதற்காக வாங்கிய ஈஸ்வராவும் அதே இடத்தில்தான் நின்றது.

அந்த ஈஸ்வராவை முதல் சர்வீசுக்கு ஜெலுத்தோங்கில் உள்ள பட்டறைக்குக் கொண்டு போனோம். அப்பா காலத்து ஃபோர்மேன்தான் இருந்தார். பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கவலைப்படாதீங்க தம்பி, இது உங்கப்பா வண்டிக்குத் தம்பி. சாமானுக்கு அலைய வேண்டாம்" என்றார். அண்ணன் முகத்தில் நிம்மதி. டாக்சிக்காரருக்கு வண்டி பட்டறையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் நட்டம். கைக்கெட்டிய தூரத்தில் சாமான் கிடைப்பதைவிடப் பெரிய வரம் அவருக்கு எது? நான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்துப் பார்த்தேன். நடுவில் ஹாரன் அடிக்கும் கெட்டிப் பிளாஸ்டிக். அதன் பின்னே காற்றுப்பை இல்லை. அப்பா வண்டியில் எப்படியோ அப்படியே. பதினைந்து ஆண்டு நடுவில் போயிருந்தது.

அண்ணனின் நிம்மதியும் என் கலக்கமும் ஒரே வண்டியிலிருந்து வந்தவை. பழைய மாடலைக் கார் நிறுவனங்கள் புதுப்பிக்க வேண்டுமா, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, எந்த அளவுக்கு என்று இந்தியாவில் நடக்கும் வாதம் எனக்கு இந்த இருக்கையிலிருந்துதான் புரிகிறது. ஒரு பக்கம் பினாங்கின் அனுபவம், இன்னொரு பக்கம் தமிழ்நாட்டு ஆலைகளின் அனுபவம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் கேள்வி கொஞ்சம் தெளிகிறது.

முதலில் மலேசியாவின் சாகா. 1985 ஜூலையில் ஷா ஆலம் ஆலையிலிருந்து முதல் வண்டி வெளிவந்தது. அதே ஆண்டில் பிரதமர் மகாதீர் ஒரு சாகாவை ஓட்டிக் கடந்து பினாங்குப் பாலத்தைத் திறந்து வைத்தார். கடல்மேல் ஓடும் நம் பாலமும் நாட்டின் முதல் சொந்தக் காரும் ஒரே ஆண்டுப் பிள்ளைகள். எங்கள் தெருவில் அந்தப் பெருமை வெகுநாள் பேசப்பட்டது. ஆனால் அந்தக் காரின் உடல் மிட்சுபிஷியின் லான்சர் ஃபியோரே. 1980களின் தொடக்கத்து வடிவம். 1992இல் முன்முகமும் பின்புறமும் மாறி ஈஸ்வரா என்று பெயர் வந்தது. இறைவன் பெயர் என்பதால் நம்மவர்களுக்கு அதன்மேல் தனிப் பிரியம். 2003இல் இன்னொரு பூச்சு. உள்ளே இருந்த கூடு மட்டும் 2008இல் இரண்டாம் தலைமுறை சாகா வரும்வரை அதேதான். ஏறக்குறைய 23 ஆண்டுகள்.

இடையில் 1993இல் வீரா வந்தது. அதுவும் மிட்சுபிஷி லான்சர் வழிதான், ஆனால் புதிய தலைமுறை. புதியது வந்த பிறகும் பழையதை நிறுத்தவில்லை. விலை குறைந்த வண்டி என்று கீழே வைத்துக்கொண்டார்கள். டாக்சிக்காரரும் முதல் கார் வாங்கும் தொழிலாளியும் கீழே உள்ளதை எடுத்தார்கள், வசதி இருந்தவர் மேலே போனார். பழைய மாடல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இப்படி ஏழைக்கான மாடலாகவே ஆகிவிடுகிறது. இந்தக் கட்டுரையில் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கப்போவது இந்த இடத்தில்தான்.

ஏன் நிறுத்துவதில்லை? பட்டறை மொழியில் சொன்னால், கார் என்பது அச்சுகளின் குழந்தை. ஒரு கதவு உருவாக, தகட்டை அழுத்தி வளைக்கும் எஃகு அச்சுகள் வேண்டும். கூரைக்கு வேறு, தரைக்கு வேறு, பக்கவாட்டுக்கு வேறு. அவற்றைப் பிடித்து வைத்துப் பற்றவைக்கும் சட்டங்கள் தனி. ஒரு மாடலின் செலவில் பெரும்பங்கு முதல் வண்டி விற்பதற்கு முன்பே இவற்றில் போய்விடுகிறது. அந்தக் கடன் தீர்ந்த பிறகு வரும் ஒவ்வொரு வண்டியும் நிறுவனத்துக்கு மலிவு. அதனால் அச்சு தேயும்வரை அடிக்கத் தோன்றும். வெளிநாட்டுக் காரை வரியால் தடுத்த நாட்டில் அவசரப்படுத்தப் போட்டியும் இருக்காது. மலேசியாவிலும் அதுதான் நடந்தது, அதற்கு முன்பே இந்தியாவிலும் நடந்தது.

இந்தியாவில் அதன் உச்சம் அம்பாசிடர். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையின் அச்சுகளை வாங்கி, மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அதைத் தயாரிக்கத் தொடங்கியது 1950களின் கடைசியில். உற்பத்தி நின்றது 2014 மே மாதத்தில். இடையில் மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவா என்று பெயர்கள் மாறின, முன்பக்கத் தட்டி மாறியது. 1992இல் இசுசுவின் 1800 சிசி எஞ்சின் வந்தது. அது உண்மையான முன்னேற்றம். ஆனாலும் உருண்டைத் தோளும் உயர்ந்த கூரையும் அதேதான். 1980களின் நடுவில் ஆண்டுக்கு 24,000 வண்டி போட்ட ஆலை, கடைசி நிதியாண்டில் போட்டது 2,200 சொச்சம்.

அம்பாசிடரைத் திட்டுவது எளிது. நான் அதைச் செய்ய மாட்டேன். மதுரையிலிருந்து தேனிக்குப் போகும் பழைய சாலையில், பின் இருக்கையில் ஐந்து பேரும் முன்னால் மூன்று பேருமாக அந்த வண்டியில் போயிருக்கிறேன். குழியில் விழுந்தாலும் முதுகு தெறிக்காது. வழியில் நின்றால் அடுத்த ஊர் மெக்கானிக் ஒரு ஸ்பேனரோடு வந்து எடுத்துவிடுவார். உரிமம் பெற்ற இரண்டு மூன்று ஆலைகள்தான் கார் செய்யலாம், இத்தனைதான் செய்யலாம் என்று அரசு வரையறுத்த காலத்தில், மக்கள் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். காத்திருக்கும் வாடிக்கையாளர் வரிசை இருக்கும்போது எந்த முதலாளி புது அச்சுக்குக் காசு போடுவார்? மும்பையின் குர்லாவில் ஃபியட் 1100ஐ வைத்து பிரீமியர் பத்மினி செய்தவர்களுக்கும் அதே நிலைதான். 1960களில் தொடங்கிய அந்த உடல் இந்த நூற்றாண்டின் தொடக்கம்வரை வந்தது. மும்பையில் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்சிகள் முற்றாக மறைந்தது 2023 அக்டோபரில்.

1993இல் கார் தயாரிப்புக்கு உரிமம் வேண்டாம் என்றானது. அதற்குப் பிறகு நடந்தது பாடம் படிக்க வேண்டிய பகுதி. இத்தனை ஆண்டு சேர்ந்த லாபம் புது மாடலாக மாறாததால், போட்டி வந்த அன்று கையில் எதுவும் இல்லை. விற்பனை குறைந்ததால் புதுப்பிக்கப் பணமில்லை, புதுப்பிக்காததால் விற்பனை இன்னும் குறைந்தது. இந்தச் சுழலில் விழுந்த ஆலை எழுந்ததே இல்லை.

சென்னையிலேயே இன்னொரு கதை இருக்கிறது. அதை அதிகம் பேர் பேசுவதில்லை. வண்டலூர் பக்கம் பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1960களில் ஹெரால்டு கார் செய்தது. இரண்டு கதவு வண்டியாக வந்ததைப் பிற்பாடு நான்கு கதவாக்கித் தந்தது. நம் ஊர் நடுத்தரக் குடும்பங்கள் செல்லமாக வைத்திருந்த கார் அது. 1985இல் அதே நிறுவனம் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரைக் கொண்டுவந்தது. உடல் இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1. 1976இல் வெளியானபோது ஐரோப்பாவே மெச்சிய வடிவம். ஆனால் அதற்குள் வைத்தது பழைய ஸ்டாண்டர்டு வான்கார்டு கால்வழியில் வந்த எஞ்சின். கனத்த உடல், சக்தி போதாத இதயம், பெட்ரோல் குடிக்கும் வயிறு, எட்டாத விலை. 1988இல் உற்பத்தி நின்றது; ஆலையும் மீளவில்லை. ஈஸ்வராவில் பழைய கூட்டின்மேல் புது முகம் என்றால், இங்கே புது உடலுக்குள் பழைய எஞ்சின். புதுப்பித்தல் என்ற பெயரில் எதை மாற்றுகிறோம், எதை விட்டுவைக்கிறோம் என்பதுதான் விடயம் என்று அந்தப் பெருங்களத்தூர் ஆலை எனக்குச் சொல்கிறது.

மாருதி 800க்கு வருவோம். 1983 டிசம்பரில் முதல் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். 1986இல் உடல் மாறியது. ஜப்பானில் சுசுகி ஆல்டோவாக ஓடிய வடிவம். அதன் பிறகு 2014 ஜனவரியில் நிறுத்தும்வரை, 28 ஆண்டுகள், அந்த உடல்தான். இந்தியாவில் மட்டும் 25 லட்சத்துக்கும் மேல் விற்றது. கார்புரேட்டர் போய் எரிபொருள் ஊசி முறை வந்தது, விளக்கும் பம்பரும் மாறின. ஸ்கூட்டரில் நால்வராகப் போன குடும்பங்களைக் கூரைக்கு அடியில் கொண்டுவந்த வண்டி. அதற்கு நான் தலை வணங்குகிறேன்.

ஆனால் அதன் கடைசி நான்கு ஆண்டுகளைப் பாருங்கள். 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் பாரத் ஸ்டேஜ் 4 புகை விதி வந்தது. 800ஐ அந்த விதிக்கு ஏற்ப மாற்றவில்லை. அந்த 13 நகரங்களில் விற்பனையை நிறுத்திவிட்டு மற்ற ஊர்களில் தொடர்ந்தார்கள். சென்னையில் விற்கக்கூடாத வண்டி மதுரையில் விற்கலாம். சட்டப்படி அதில் குற்றமில்லை. அரசே அப்படித்தான் விதி வகுத்திருந்தது. ஆனாலும் மதுரைக் குழந்தையின் நுரையீரலுக்குத் தாமதமாக வரும் பாதுகாப்பு என்று ஒன்று உண்டா? பழைய மாடல் ஏழைக்குக் கைமாறுவது போலவே, பழைய விதியும் சிறிய ஊருக்குக் கைமாறியது.

வடிவம் பழசாவதைப் பற்றிய பேச்சை உயிர் பற்றிய பேச்சாக மாற்றியது 2014. ஜனவரி கடைசியில் குளோபல் என்கேப் அமைப்பு, இந்தியாவில் விற்ற ஐந்து சிறு கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் முன்பக்கமாக மோதவிட்டது. ஆல்டோ 800, டாடா நானோ, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வேகன் போலோ. ஐந்துக்கும் பெரியவர் பாதுகாப்பில் பூச்சியம். காற்றுப்பை இல்லாத அடிப்படை மாடல்கள் அவை. இதில் கவனிக்க வேண்டியது, ஐந்தும் ஒரே மாதிரி தோற்கவில்லை என்பது. ஃபிகோவும் போலோவும் கூடு குலையாமல் நின்றன; ஆல்டோ, நானோ, ஐ10 மூன்றிலும் கூடே தாங்கவில்லை. போலோவில் இரண்டு காற்றுப்பை வைத்து மறுபடி மோதவிட்டார்கள். நான்கு நட்சத்திரம் கிடைத்தது. அந்த நிறுவனம் காற்றுப்பை இல்லாத போலோவை விற்பதையே நிறுத்திவிட்டது.

இந்தச் சோதனையை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். நம் வாதத்துக்கு வேண்டிய பிரிவினை அதில் கிடைக்கிறது. வயதானாலும் கூடு நல்லதாக இருக்கும் கார் ஒன்று. அதற்குள் தேவையானதை வைத்தால் போதும், முகம் எப்படி இருந்தால் என்ன? கூடே பலவீனமான கார் இன்னொன்று. அதற்குப் புது விளக்கு, புது இருக்கைத் துணி, புதுத் திரை என்று எதை மாட்டினாலும் பயனில்லை, அதை நிறுத்துவதுதான் நேர்மை. போலோ இந்தியாவில் 2010இல் வந்து 2022வரை பெரிய மாற்றமின்றி ஓடியது. பழசாகிவிட்டது என்று பலர் குறை சொன்னார்கள். கடைசிவரை அதன் கூட்டை நம்பி வாங்கியவர்களும் இருந்தார்கள், அவர்கள் தப்பாக வாங்கவில்லை.

ஐ10 கதைதான் என்னை உறுத்துகிறது. அது சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் செய்த கார். அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் கப்பல் ஏறியது. 2008இல் யூரோ என்கேப் சோதனையில் காற்றுப்பைகளோடு நான்கு நட்சத்திரம் பெற்றது. அதே பெயருள்ள கார், காற்றுப்பை இல்லாமல் உள்ளூரில் விற்றபோது பூச்சியம். பினாங்குக்கு அடுத்த வீடான கெடாவின் கூலிம் ஆலையிலும் ஐ10 பொருத்தப்பட்டது. அதனால் எனக்கு அது தூரத்துச் செய்தி இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஒரே தொழிலாளியின் கைகள்தான் ஐரோப்பா போன வண்டியையும் உள்ளூரில் விற்ற வண்டியையும் பூட்டின. தன் பிள்ளை போகும் வண்டியில் குறைவாகவும், முகம் தெரியாத ஒருவர் பிள்ளை போகும் வண்டியில் நிறைவாகவும் வைக்கச் சொன்னால் எந்தத் தொழிலாளிக்கு மனம் வரும்? முடிவெடுத்தவர்கள் அவர்கள் அல்ல.

எதிர்த்தரப்பு வாதத்தை அதன் முழு வலுவோடு சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. விலையை ஏற்றினால் அடித்தட்டில் இருப்பவர் கார் வாங்க மாட்டார். மோட்டார் சைக்கிளிலேயே தொடர்வார். மலேசியச் சாலைகளில் இறப்போரில் பாதிக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். மழை கொட்டும் மாலையில் பாயான் லெப்பாஸ் ஆலைகளிலிருந்து வேலை முடிந்து பாலத்தில் வரிசையாகப் போகும் மோட்டார் சைக்கிள்களைப் பார்த்தவர்கள் இந்த வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. காற்றுப்பை இல்லாத பழைய காரும் அந்த மோட்டார் சைக்கிளைவிடப் பாதுகாப்பானதே. 2009இல் ஒரு லட்ச ரூபாய் நானோவை டாடா கொண்டுவந்தபோது சொன்னதும் இதுதான்.

என் பதில் இரண்டு. ஒன்று, அச்சுக் கடன் தீர்ந்த பழைய மாடலில்தான் பாதுகாப்புக்குச் செலவழிக்க இடம் அதிகம். புது வடிவத்துக்கு ஆகும் பெருந்தொகை அங்கே ஆவதில்லை; அந்த மிச்சத்தில் ஒரு பங்கைக் காற்றுப்பைக்கும் வண்டி சறுக்காமல் பிடிக்கும் பிரேக்குக்கும் போட்டால் ஏழையின் கார் மலிவாகவே இருக்கும். இரண்டு, கேட்டுப் பார்த்தால் கொடுக்க மாட்டார்கள் என்பதும் கட்டாயமாக்கினால் கொடுப்பார்கள் என்பதும் வரலாறு. இந்தியா 2017 அக்டோபரில் புது மாடல்களுக்கும், 2019 அக்டோபரில் ஏற்கெனவே விற்கும் மாடல்களுக்கும் மோதல் விதியைக் கட்டாயமாக்கியது. ஓட்டுநர் காற்றுப்பை 2019 ஜூலையில் எல்லாக் காருக்கும் வந்தது.

அந்த விதியின் முன்னே மாருதி ஆம்னி நின்றது. 1984இல் வந்த வேன். முன் இருக்கைக்கு அடியில் எஞ்சின், ஓட்டுநரின் முழங்காலுக்கும் எதிரே வருவதற்கும் நடுவே ஒரு தகடுதான். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றியது அது, ஆம்புலன்ஸாக ஓடியது அது, காய்கறிக் கூடை ஏற்றியதும் அதுதான். இவ்வளவு பயன்பட்ட வண்டியை விதிக்கு ஏற்ப மாற்ற முடியாது என்று நிறுவனமே சொல்லி 2019இல் நிறுத்திவிட்டது. அதன் இளைய உறவான ஈக்கோ 2010இல் வந்தது. கூட்டை மாற்ற வாய்ப்பிருந்ததால், முகம் ஏறக்குறைய அப்படியே இருக்க, காற்றுப்பையும் பிரேக் உதவியும் பெற்றுத் தொடர்கிறது. ஈக்கோவை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என்னைப் பொறுத்தவரை புதுப்பித்தல் என்றால் அதுதான்.

புதுப்பிக்காமல் விட்டதன் விலையை நிறுவனம் மட்டும் கட்டுவதில்லை என்பதற்கு, சென்னைக்கு அருகே ஃபோர்டு ஆலை இருந்த மறைமலை நகர் சாட்சி. ஃபோர்டின் ஈக்கோஸ்போர்ட் 2013இல் வந்தபோது, நான்கு மீட்டருக்குள் உயரமான கார் என்ற ஆசையை இந்தியருக்குள் பெரிதாக விதைத்தது அதுதான். பிறகு மாருதியின் பிரெஸ்ஸா 2016இல், டாடா நெக்ஸான் 2017இல், ஹூண்டாய் வென்யூ 2019இல் வந்தன. ஈக்கோஸ்போர்ட்டுக்கு 2017இல் கிடைத்தது புது உடல் அல்ல, ஒரு புதுப்பிப்புதான். 2021 செப்டம்பரில், பத்தாண்டில் 200 கோடி டாலருக்கும் மேல் நட்டம் என்று சொல்லி இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. மறைமலை நகர், குஜராத்தின் சானந்த் இரண்டு ஆலையும் சேர்த்து சுமார் 4,000 பேர் வேலை பாதிக்கப்பட்டது. அந்தச் சரிவுக்குப் பல காரணங்கள். பழசான மாடல் வரிசை அவற்றில் ஒன்று. தான் விதைத்த வயலில் அடுத்தவர் அறுவடை செய்ததை அந்தத் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளிருந்தே பார்த்தார்கள்.

அப்படியானால் நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா? அதற்கும் நான் கைதூக்க மாட்டேன். இங்கே மலேசியாவில் ஒன்பது ஆண்டுத் தவணையில் கார் வாங்குகிறோம். நான்காம் ஆண்டில் புது மாடல் வந்தால், நாம் ஐந்தாண்டு இன்னும் கட்ட வேண்டிய வண்டியின் மறுவிற்பனை விலை ஒரே நாளில் இறங்கும். மாற்றம் எல்லாம் முன்னேற்றமும் அல்ல. 2016இல் வந்த மூன்றாம் தலைமுறை சாகாவில் சிவிடி கியர் பெட்டி இருந்தது. 2019 புதுப்பிப்பில் அதை எடுத்துவிட்டு, ஹூண்டாயிடமிருந்து வந்த நான்கு கியர் தானியங்கிப் பெட்டியை வைத்தார்கள். ஏட்டளவில் அது பழைய தொழில்நுட்பம். ஓட்டியவர்களுக்கோ அது பிடித்தது. கியர் மாறுவது காலுக்குத் தெரிந்தது, பட்டறைக்கும் பழகிய பெட்டி. பின்னால் போன மாதிரித் தோன்றும் ஒரு மாற்றம் வாடிக்கையாளரின் பேச்சைக் கேட்டதால் நல்ல மாற்றமானது.

மலேசியாவின் இன்னொரு கார் நிறுவனமான பெரோடுவா எடுத்த பாதை வேறு. 1994இல் டைஹட்சு மிராவை அடியொற்றி கஞ்சில் வந்தது. குட்டி எஞ்சின். பாலிக் பூலாவ் போகும் மலைச்சாலை ஏற்றத்தில் குளிர்சாதனத்தை அணைத்துவிட்டு இரண்டாம் கியரில் உறுமிக்கொண்டு ஏறும். அந்தச் சாலையில் போன குடும்பங்கள் எல்லாருக்கும் அந்தச் சத்தம் நினைவிருக்கும். 2009வரை, 15 ஆண்டு, அது ஓடியது. 2005இல் வந்த மைவிக்கு மட்டும் 2011, 2017 என்று ஆறாண்டுக்கு ஒருமுறை புது உடல் கொடுத்தார்கள். ஒழுங்கான இடைவெளி, வாங்குபவரும் கணக்குப் போட முடிந்தது. மைவி மலேசியத் தெருக்களின் அடையாளமானதற்கு அந்த ஒழுங்கும் ஒரு காரணம் என்றே எண்ணுகிறேன்.

ஆனால் 2023இல் அதே நிறுவனத்தின் அக்ஸியாவில் பழைய வழக்கம் மறுபடி தலைகாட்டியது. பிப்ரவரியில் முற்றிலும் புதிய அக்ஸியா, 38,600 மலேசிய வெள்ளியிலிருந்து. அதே ஆண்டில் 2014 உடலை வைத்தே அக்ஸியா இ என்று, கைக்கியரோடு, 22,000 வெள்ளிக்கு ஒன்று. விலைவாசி நெருக்கிய காலத்தில் அந்த 22,000 எத்தனையோ பேருக்கு முதல் காரின் வாசலைத் திறந்தது, அதை மதிக்கிறேன். இந்தியாவிலும் 2022இல் மஹிந்திரா ஸ்கார்பியோ என் வந்த பிறகு பழைய ஸ்கார்பியோ கிளாசிக் என்று தொடர்ந்தது. டொயோட்டா இன்னோவாவிலும் புதிய ஹைகிராஸ் பக்கத்திலேயே பழைய கிரிஸ்டா. இந்த இரட்டை வரிசை இனிப் போகாது. அதனால் கேட்க வேண்டியது, கீழ் வரிசையில் நிற்கும் வண்டியின் கூடும் அதற்குள் உள்ள காவலும் மேல் வரிசை வண்டிக்கு எத்தனை ஆண்டு பின்தங்கியிருக்கலாம் என்பது. எனக்கு ஒரே விடைதான்: விலை குறைக்க ஒலிப்பெட்டியை எடுங்கள், அலாய் சக்கரத்தை எடுங்கள், தானியங்கிக் கியரை எடுங்கள், உயிர்க் காவலைத் தொடாதீர்கள்.

இதைக் கண்காணிக்க இப்போது கருவிகள் இருக்கின்றன. 2011இல் மலேசியாவில் உருவான ஆசியான் என்கேப், மலாக்காவில் உள்ள கூடத்தில் நம் வட்டாரக் கார்களை மோதவிட்டுப் பார்க்கிறது. இந்தியாவில் பாரத் என்கேப் 2023 அக்டோபரில் தொடங்கியது. இரண்டிலும் ஒரு குறை எனக்குப் படுகிறது. கார் வெளியானபோது கொடுத்த நட்சத்திரம் அதன் நெற்றியில் பல ஆண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அளவுகோல் ஏறிக்கொண்டே போகும்போது பழைய நட்சத்திரத்தின் மதிப்பு இறங்குகிறது. அதை வாங்குபவருக்கு யாரும் சொல்வதில்லை. விற்பனை நிலையத்தில் காரின் பக்கத்தில் விலைப்பலகை இருக்கிறதே, அதில் இந்தக் கூட்டின் வடிவம் எந்த ஆண்டு, எந்த ஆண்டு அளவுகோலில் இந்த நட்சத்திரம் என்று இரண்டு வரி எழுதினால் போதும்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய கார்களை ஓட்டுபவர்மீது பாரம் ஏற்றிப் பிரச்சினையைத் தீர்க்க முடியாது. 2009இல் மலேசியாவில் 15 ஆண்டு கடந்த வண்டிகளுக்குச் சாலை வரி புதுப்பிக்கும்போதெல்லாம் கட்டாயப் பரிசோதனை என்று அறிவித்தார்கள். மக்கள் கொதித்தெழுந்தார்கள்; கைவிட்டார்கள். அதே காலத்தில், பழைய காரை உடைக்கக் கொடுத்து உள்நாட்டுப் புதுக் கார் வாங்கினால் 5,000 வெள்ளி என்ற திட்டத்தை விரும்பி ஏற்றார்கள். விற்கும் இடத்தில் கடுமை, ஓட்டுபவரிடம் பரிவு என்பதே நடந்தேறக்கூடிய வழி. உற்பத்தி நின்ற மாடலுக்கு உதிரிப்பாகம் கிடைப்பதும் அந்தப் பரிவில் சேரும். ஜெலுத்தோங் ஃபோர்மேன் இன்றும் ஈஸ்வராவுக்கு, பழைய வண்டிப் பாகம் விற்கும் ஹாஃப்-கட் கடைகளில் ஜப்பானியப் பழைய எஞ்சின் தேடித் தருகிறார். அவர் தேடலை நம்பித்தான் எத்தனையோ ஓய்வூதியக்காரர்களின் வண்டி ஓடுகிறது.

அண்ணன் அந்த ஈஸ்வராவை 13 ஆண்டு ஓட்டினார். கொம்தாரிலிருந்து விமான நிலையம், விமான நிலையத்திலிருந்து பத்து ஃபெரிங்கி என்று எத்தனை லட்சம் கிலோமீட்டர் போயிருப்பார் என்று அவருக்கே கணக்கில்லை. கடல் காற்றில் பின்சக்கர வளைவில் துரு ஏறியது, தட்டிப் பூசினார்; மறுபடி ஏறியது. அதை விற்றபோது கண் கலங்கினார்.

அவர் மகளுக்குப் பாயான் லெப்பாஸில் வேலை கிடைத்ததும் முதல் கார் வாங்கும் பேச்சு வந்தது. எது மலிவு, எதற்குச் சாமான் கிடைக்கும் என்று அண்ணன் கேட்பார் என எதிர்பார்த்தேன். ஃபோர்மேனையும் அழைத்துக்கொண்டு விற்பனை நிலையத்துக்குப் போனார். பானெட்டைத் திறக்கச் சொல்லவில்லை. கதவைத் திறந்து கதவுச் சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். சீட் பெல்ட்டை வெடுக்கென்று இழுத்து அது பிடிக்கிறதா என்று பார்த்தார். பின் இருக்கையிலும் போய் அதையே செய்தார். கடைசியில் ஒரு சாகாவைத்தான் எடுத்தார்கள், மூன்றாம் தலைமுறை. தண்ணீர்மலை அடிவாரத்தில் பூசை முடிந்து மகள் எலுமிச்சம்பழத்தின்மேல் வண்டியை ஏற்றுவதற்கு முன், அண்ணன் சன்னல் வழியே கையை நீட்டி, ஸ்டியரிங் நடுவில் புடைத்திருந்த, உள்ளே காற்றுப்பை உண்டு என்று சொல்லும் எஸ்.ஆர்.எஸ். என்ற மூன்று எழுத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார்.